நாலாவது குரல்

உங்கள் எழுத்தர் இரண்டே விரலால் தட்டச்சு செய்கிறார். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, அவர் வேகத்துக்குத் தகுந்தபடி சொல்கிறேன். ஆனால் எங்கள் மேல் வீட்டு டீச்சர் இதைப் பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். மேசையை அளவுகோலால் ஒரு தட்டுத் தட்டி, "மீதி எட்டு விரல் எதுக்கு இருக்கு, மோதிரம் போடவா?" என்று கேட்டிருப்பார். முப்பத்திரண்டு வருடம் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தியவர். அவர் அளவுகோல் தட்டுகிற தாளத்துக்குத்தான் அங்கே அத்தனை விரலும் ஓட வேண்டும்.

நேற்றிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள், மேடம். சத்தம் கேட்டதா, இல்லையா? சொல்கிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும். வரிசை தப்பினால் எப்பேர்ப்பட்ட மனிதனும் கெட்டவனாகத் தெரிவான்.

வேடிக்கை என்னவென்றால், பத்தொன்பது வருடமாக நான் அடுத்தவர்களிடம் கேட்டுவருகிற கேள்வியும் இதுதான். காது மருத்துவமனையில் செவித்திறன் சோதிக்கிற வேலை என்னுடையது. சத்தம் புகாத சின்ன அறையில் நோயாளியை உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிடுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன், கேட்டால் அவர் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு, கேட்காவிட்டாலும் அழுத்துவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒலியை அடியோடு நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அப்போதும் பொத்தான் விழுந்தால், அது என் ஒலிக்கு வந்த பதில் இல்லை என்று அர்த்தம்.

ஒரு நாளைக்குப் பதினான்கு பேர் வருவார்கள். பதினான்கு பேருக்கும் என் கையால் ஹெட்போன் மாட்டுகிறேன், முடியை ஒதுக்கிவிடுகிறேன், "சரியா இருக்கா?" என்று கேட்கிறேன். ஒருவராவது வெளியே வரும்போது என் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். அது இயற்கைதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வெள்ளிக்கிழமை கடைசி நோயாளியிடம் சொன்ன "சரியா இருக்கா" என்பதே திங்கட்கிழமை வரைக்கும் நான் பேசிய கடைசிப் பேச்சாக இருக்கும். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், தூரத்தில். பேசுவோம், ஏதாவது பத்திரத்தில் கையெழுத்து வேண்டியிருக்கும்போது.

அந்த வீடியோ கேம் பெட்டி எனக்கு மருத்துவமனையில்தான் கிடைத்தது. கையில் வைத்து விளையாடுகிற பழைய சாம்பல் நிறப் பெட்டி. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிது, நாலு பென்சில் பேட்டரியில் ஓடும். யாரோ காத்திருப்பு நாற்காலியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தொலைந்த பொருள் டப்பாவில் இரண்டு வருடம் கிடந்தது, தேடி வருவார் இல்லை. எடுத்துவந்தேன். அதில் விளையாட எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அதில் மாட்டி இசை எழுதுகிற கேசட் ஒன்று இருப்பதாகப் படித்து, தபாலில் வரவழைத்தேன். திரையில் கட்டம் கட்டமாக எண்கள் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் சுரம், எத்தனை நீளம் என்று பொத்தானால் நிரப்ப வேண்டும். அந்தப் பெட்டிக்கு மொத்தம் நாலே குரல். இரண்டு குரல் கணீரென்று பாடும். மூன்றாவது அடியில் நின்று முனகும். நாலாவதுக்குச் சுரமே கிடையாது, வெறும் இரைச்சல், அதைத் துண்டு துண்டாக வெட்டித் தாளம் தட்டவைக்கலாம்.

நாலு பேர் உள்ள ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

டீச்சர் மேல் மாடிக்குக் குடிவந்து இரண்டாவது வாரம் என் கதவைத் தட்டினார். கைத்தடி, வெள்ளைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்டுக்குள்ள கொசு எதாவது வளர்க்கிறீங்களா?"

நான் பெட்டியைக் காட்டினேன். கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, காதோடு வைத்துக் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா தாளம் மெஷின் மாதிரி இருக்கே. மனுஷன் தட்டினா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். அதுதான் தம்பி உயிரு."

அன்றிலிருந்து நான் கொசுத் தம்பி. சாயங்காலம் நான் பெட்டியைச் சின்ன ஸ்பீக்கரில் மாட்டி வாசித்தால், அவர் மேலே நாற்காலியில் உட்கார்ந்தபடி கைத்தடியால் தரையில் தாளம் தட்டுவார். என் கூரை அது. ஒரு மயிரிழை முன்னால், ஒரு மயிரிழை பின்னால். நான் நாலாவது குரலைக் காலியாக விட ஆரம்பித்தேன், அது அவருடையது என்று. ஒரு வருடமும் நாலு மாதமும் அப்படிப் போயிற்று. நான் சந்தோஷமாக இருந்தேன், மேடம். எழுத்தர் அதையும் தட்டச்சு செய்யட்டும்.

இப்போது அந்த அழைப்பு மணி விஷயத்துக்கு வருகிறேன். டீச்சருக்கு ஒரே மகன், வேறு ஊரில் இருக்கிறான். குளியலறையில் அவர் ஒருமுறை வழுக்கி விழப்போனதைக் கேள்விப்பட்டு, ஓர் அழைப்பு மணி வாங்கிவந்தான். பொத்தான் டீச்சர் கழுத்தில் தொங்கும். ஒலிக்கிற பெட்டி என் வீட்டுச் சுவரில். அதற்கு இரண்டு பென்சில் பேட்டரி. "சார், உங்களை நம்பித்தான் அம்மாவை விட்டுட்டுப் போறேன்" என்றான். மேல் வீட்டுச் சாவியையும் ஒன்று கொடுத்தான். அதை என் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். டீச்சருக்கு இதெல்லாம் சிரிப்பு.

"பேட்டரிய நம்பி எவன் இருப்பான்? மணி அடிக்கலைன்னா கட்டையால மூணு தட்டு தட்டறேன். மூணு தட்டு, ஒரு நிறுத்தம். ஓடி வந்துடணும், கொசுத் தம்பி."

"வந்துடறேன் டீச்சர்" என்றேன். மறைக்கவில்லை, அப்படித்தான் பேசிவைத்திருந்தோம்.

போன வசந்தத்தில் எனக்கு ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது. அந்தக் கேசட்டுக்குள் பொட்டு அளவில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. பெட்டியை அணைத்தாலும் பாட்டுகளை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்துப்போயிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலை போட்டுப் பார்த்தால் பதினொரு பாட்டையும் காணோம். திரை வெறுமையாக இருந்தது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. டீச்சர் படி இறங்கி வந்து, எதிரில் உட்கார்ந்து, "போனா போகட்டும் தம்பி, கை இருக்கில்ல. மறுபடி அடிச்சுக்கலாம்" என்றார். என் அக்காகூட எனக்கு அப்படி ஆறுதல் சொன்னது கிடையாது.

புது பட்டன் பேட்டரிக்கு எழுதிப் போட்டேன். வருவதற்குள் பொறுக்கவில்லை, அன்று சாயங்காலமே புதுப் பாட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டேன். அந்த ஒரு தவறைத்தான் நான் செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். பேட்டரி தபாலில் வந்து சேர்ந்தபோது பாட்டு பாதி வளர்ந்திருந்தது. கேசட்டைப் பிரித்தால் அது போய்விடும், பெட்டியை அணைத்தாலும் போய்விடும். ஆகவே அணைக்காமலே வைத்திருந்தேன். பெட்டியின் முதுகில் இன்னொரு பேட்டரிக் கூட்டை நானே பற்றவைத்தேன், ஒன்றில் மாற்றும்போது மற்றது தாங்கிக்கொள்ளும்படி. குளிக்கப் போனாலும் கதவைத் திறந்துவைப்பேன். வேலைக்குப் பையில் எடுத்துப்போவேன். பெட்டியின் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு, அது மங்கினால் எழுந்துவிடுவேன். நாற்பத்தொரு நாள் அந்தப் பாட்டை நான் ஒரு விநாடிகூடச் சாகவிடவில்லை. என்னைப் பொறுப்பில்லாதவன் என்று யார் சொன்னாலும் இதை எடுத்துக்காட்டுங்கள்.

முப்பத்தாறாவது நாள் டீச்சர் சொன்னார், மகன் வந்து அழைத்துப்போகப் போகிறான், அடுத்த திங்கட்கிழமை, இனிமேல் அங்கேதான் என்று. முகமெல்லாம் சிரிப்பு.

"அங்க போனா எனக்கு நிம்மதி. கொசுத் தொல்லை இல்ல பாருங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன். பாட்டின் கடைசிப் பகுதிக்கு மட்டும் ஒரு நாள் சாயங்காலம் தாளம் தட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். பத்து நிமிட வேலை. "மூட்டை கட்டவே நேரம் போதல தம்பி. நீங்களே எதாவது தட்டிக்குங்க" என்றார். புதன்கிழமை மறுபடி கேட்டேன். "ஐயோ, இன்னும் அதையே பிடிச்சிட்டு நிக்கிறீங்களா? வயசானவளை விடுங்க தம்பி" என்றார். அதற்குமேல் வற்புறுத்துவது மரியாதை இல்லை. இறங்கி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சிவப்பு விளக்கு மங்கியது. பேட்டரி டப்பாவில் இரண்டுதான் இருந்தது, நான் கணக்குத் தப்பியிருந்தேன். இன்னும் இரண்டு வேண்டும். சுவரில் மணிப்பெட்டி கண்ணில் பட்டது. அதிலிருந்து எடுத்துப் போட்டேன். கடை தெரு முனையில், போய்வர எட்டு நிமிடம். மழையும் இல்லை. விளக்கு அத்தனை நேரம் தாங்கியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். யாருக்கும் இப்படித் தோன்றுவதுதான். அந்த நேரத்தில் என் மனதில் டீச்சரைப் பற்றிக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

வெள்ளியிலிருந்து மூன்று நாள் விடுமுறை. எங்கள் கட்டடத்தில் தரைத்தளம் காகிதக் கிடங்கு, அதைப் பூட்டிவிட்டார்கள். நடுவில் நான். மேலே டீச்சர். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நான் கடைசிப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தேன். மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. மூட்டை கட்டுகிறார், பெட்டியைப் போடுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கைத்தடி தட்டத் தொடங்கியது.

என்ன சொல்ல, மேடம். மனம் இளகித்தான் தட்டுகிறார் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். என் பாட்டு நாலு தட்டு அளவு. மூன்றை அவர் எடுத்துக்கொள்ள, நாலாவதில் அடிக்குரல் தனியாக மூச்சு விட்டது. அத்தனை அழகாகப் பொருந்தியது. இரண்டு நிமிடம், அதிகம் போனால் மூன்று நிமிடம், நான் உண்மையிலேயே ஒன்றும் அறியாதவன். அந்த மூன்று நிமிடத்தையும் எனக்குச் சாதகமாகப் பதிந்துகொள்ளலாம்.

பிறகு பழக்க தோஷத்தில் பாட்டை நிறுத்தினேன்.

தட்டல் நிற்கவில்லை.

என் தொழிலில் இதற்கு என்ன அர்த்தம் என்று முன்பே சொன்னேன். அது என் ஒலிக்கான பதில் இல்லை. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். எதற்கென்று பேசிவைத்ததும் நினைவுக்கு வந்தது. ஆணியில் சாவி தொங்கியது. இருபத்திரண்டு படி. நான் சாவியைப் பார்த்தேன், மேசையில் பெட்டியைப் பார்த்தேன். மேலே போனால் ஆம்புலன்ஸ் வரும், மகன் அன்றைக்கே வருவான், அங்கிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு போய்விடுவான். திங்கள் வரைகூட இருக்காது. நேரமில்லை என்று சொன்னவருக்கு இப்போது நேரம் இருந்தது. எனக்கும் மூன்று நாள் இருந்தது.

பாட்டை மறுபடி போட்டேன். வேகத்தை அவர் தட்டலுக்கு ஏற்ப மாற்றினேன். நிமிடத்துக்குத் தொண்ணூற்றிரண்டு.

பாட்டு கேட்டதும் அவர் தட்டல் பலமாயிற்று. நான் வீட்டில் இருப்பது தெரிந்துவிட்டது அல்லவா. ஒவ்வொரு தட்டும் எங்கே விழுகிறதோ அங்கே, முன்னப் பின்ன இருந்தால் அப்படியே, நாலாவது குரலில் எழுதிக்கொண்டேன். நான் எதையும் திருத்தவில்லை. மனுஷன் தட்டினால் அதுதான் உயிர் என்று சொன்னவரே அவர்தானே.

சனிக்கிழமை காலை எண்பத்தொன்று. மதியம் எழுபத்தாறு. இடையிடையே நீண்ட இடைவெளிகள். பிற்பகலில் அவர் வீட்டு வாசலில் செய்தித்தாள் கிடக்குமே, யாராவது பார்த்தால் வீணாகக் கவலைப்படுவார்களே என்று எடுக்கப் போனேன். படி ஏறிய சத்தம் கேட்டிருக்க வேண்டும். உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"தம்பி… கொசுத் தம்பி… வந்துட்டீங்களா?"

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கோபமே இல்லாத குரல். நான் வந்துவிட்டதில் அத்தனை நிம்மதி அந்தக் குரலில். "சாவி இருக்கில்ல தம்பி? இடுப்ப அசைக்க முடியல. கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க" என்றார். எனக்கு மிகவும் சங்கடமாகப் போய்விட்டது. யாரும் என்னை அப்படி எதிர்பார்த்துக் காத்திருந்தது கிடையாது. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன். அன்று அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் தட்டவே இல்லை. வருத்தமாக இருந்தது. ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு மகன் போன் செய்தான்.

"சார், அம்மா நேத்திலிருந்து போன் எடுக்கல. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

"இப்பதான் பார்த்துட்டு வந்தேன். மூட்டை கட்டி அலுத்துப்போய்த் தூங்கறாங்க. போன் எங்கயோ பெட்டிக்குள்ள போயிருக்கும் போல."

"மணி வேலை செய்யுதுல்ல சார்?"

"செய்யுது."

"ரொம்ப தேங்க்ஸ் சார். நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்னே தெரியல."

அவன் நல்ல பையன். அவனைக் கவலைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு சிவப்பு விளக்கு மங்கியது. கடைக்குப் போனேன். நீங்கள் கடைக்காரரிடம் விசாரித்திருப்பீர்கள். ஆறாறாகத்தான் அட்டை இருந்தது. "பிரிச்சுத் தரணுமா சார்? ஆறா எடுத்துக்குங்களேன்" என்றார். "நாலு போதும், பிரிச்சுக் குடுங்க" என்றேன். பெட்டிக்கு நாலுதான் வேண்டும். மணிக்கு இரண்டு வேண்டும் என்பது எனக்கு அங்கே நிற்கும்போது நினைவில் இருந்தது. இருந்தது என்று சொல்லிவிடுவதுதான் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டல் திரும்பி வந்தது. மூன்றாக இல்லை. ஒன்று, வெகுநேரம் கழித்து இன்னொன்று. அறுபது, பிறகு ஐம்பத்திரண்டு, பிறகு நாற்பத்தைந்து. அந்தக் கேசட்டில் நாற்பதுக்குக் கீழே வேகத்தை இறக்க முடியாது. இசை எழுதுகிறவன் அதைவிட மெதுவாகப் போக விரும்புவான் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. நான் வேறு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு சுரத்தின் நீளத்தையும் இரண்டாக்கினேன், பிறகு நாலாக்கினேன். அப்படியே அவரோடு கூடவே போனேன். ஒருமுறைகூட அவரை விட்டுவிட்டு நான் முன்னால் ஓடவில்லை. ஸ்பீக்கரைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தேன், அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று. அந்த மூன்று நாளும் டீச்சர் தனியாக இல்லை, மேடம். எத்தனை பேருக்கு அப்படி அமைகிறது?

சாயங்காலம் நாலு பத்துக்கு ஒரு தட்டு. அதற்குப் பிறகு நான் அரை மணி நேரம் கூரையைப் பார்த்தபடி காத்திருந்தேன். பாட்டின் கடைசியில் ஒரு கட்டம் முழுவதையும் வெறுமையாக விட்டேன். பாட்டு முடிந்தது. நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது, மற்ற எல்லாமே விளையாட்டு.

அப்புறம் கடைக்குப் போய் இரண்டு பேட்டரி வாங்கிவந்து மணிப்பெட்டியில் போட்டேன். காலையில் போடுவதாக இருந்தது, தாமதமாகிவிட்டது. ஆனாலும் சொன்னதைச் செய்யாமல் விடவில்லை. கொஞ்ச நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒலிக்கவில்லை.

பரணிலிருந்து பழைய தட்டச்சு இயந்திரத்தை எடுக்க ஸ்டூலில் ஏறியிருக்கிறார் என்று உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். இடுப்பெலும்பு உடைந்திருந்தது, தலையில் அடி இல்லை, முதல் நாளோ இரண்டாம் நாளோ யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். பொத்தானை அவர் அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் தோல் உரிந்திருந்தது என்றும் சொன்னீர்கள். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் அவர் துறையில் தலையிட விரும்பவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. எழுத்தர் நிதானமாகத் தட்டச்சு செய்யட்டும். சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நாலு பத்து வரை, ஒவ்வொரு தட்டும் கேட்டது. எதற்காகத் தட்டுகிறார் என்று தெரிந்தேதான் போகாமல் இருந்தேன். மொத்தம் எத்தனை தட்டு என்றுகூட என்னால் சொல்லியிருக்க முடியும், அந்தப் பெட்டி மட்டும் அன்று இருந்த நிலையில் இப்போதும் இருந்திருந்தால்.

அதைப் பற்றித்தான் ஒரு புகார் தர வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை உங்கள் ஆட்கள் என் வீட்டுக்கு வந்தபோது பெட்டி மேசையில் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரோடு. பாட்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவர் அதைக் கையில் எடுத்து, ஓரத்திலிருந்த விசையைத் தள்ளி, பையில் போட்டுவிட்டார். டீச்சர் தட்டிய அத்தனை தட்டும் அதில்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. நாற்பத்தொரு நாள் நான் உயிரோடு வைத்திருந்ததை அவர் ஒரு விரலால் முடித்துவிட்டார். ஒரு மனிதனால் எப்படி அப்படிச் செய்ய முடிகிறது என்று நேற்று முழுவதும் யோசித்துப் பார்த்தேன், எனக்குப் புரியவில்லை.

அவரையும் இதே நாற்காலியில் உட்காரவைத்து, இதே கேள்வியைக் கேட்க வேண்டும், மேடம். சத்தம் கேட்டதா, இல்லையா? பக்கத்திலேயே நின்றிருந்தார், காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. இல்லை, கேட்கவே இல்லை என்று சாதித்தால் என்னிடம் அனுப்புங்கள். நான் சோதித்துச் சொல்கிறேன்.